தங்கக் காசு சோதனைப் பெட்டி: தராசுக்குக் காசு கொடுக்கலாம், திராவகத்துக்கு வேண்டாம்

ஆன்லைனில் விற்கும் வீட்டுத் தங்கச் சோதனைப் பெட்டிகள் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஓர் உரைகல், 10, 14, 18, 22 காரட் என்று எழுதி ஒட்டிய திராவகக் குப்பிகள், காந்தம், லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் குட்டித் தராசு. சங்கிலிக்கும் மோதிரத்துக்கும் நினைத்துச் செய்தது. காசு சோதிக்க வாங்குபவர்களுக்கு இதில் பாதி வீண்.

தராசு வந்ததும் சிங்கப்பூரின் புது ஒரு வெள்ளி (ஒரு டாலர்) நாணயத்தை வைத்துப் பாருங்கள். 2013 முதல் வரும் வரிசையில் அது 7.62 கிராம். 7.5 என்றோ 7.8 என்றோ காட்டினால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம். கையோடு காந்தத்தையும் அதன்மேல் வையுங்கள், டக்கென்று ஒட்டும். பொன்னாக மின்னுகிற அந்த வளையம் எஃகின்மேல் ஏற்றிய பித்தளை முலாம்தான். தங்கக் காசென்று சொல்லி விற்றது இப்படி ஒட்டினால் அது போலி, பேச்சே இல்லை. ஒட்டவில்லை என்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. செம்பு, பித்தளை, ஈயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது.

உண்மையான சோதனை எடையும் அளவும் சேர்ந்ததில் இருக்கிறது. நாம் பவுன் என்று சொல்லும் 8 கிராம் கணக்குக்கு மூலமான பிரிட்டிஷ் சவரனை எடுத்துக்கொள்வோம்: எடை 7.98 கிராம், குறுக்களவு 22.05 மி.மீ., தடிமன் 1.52 மி.மீ., 22 காரட். இதே அளவில் பித்தளையில் அடித்தால் 4 கிராம்கூட வராது. எடையைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் தடிமன் 3 மி.மீ.க்கு மேல் போகும். கையில் எடுத்ததுமே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் அளக்கும் வெர்னியர் காலிப்பர் இந்தப் பெட்டிகளில் வருவதில்லை. இதன் பெரிய குறை அதுதான். தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாதி நீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். கண்ணாடி டம்ளர் வேண்டாம், 200 கிராம் தராசு தாங்காது. காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி முழுவதும் மூழ்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. சவரன் என்றால் தராசு 0.45 காட்ட வேண்டும். 7.98-ஐ அதால் வகுத்தால் 17.7, 22 காரட்டின் அடர்த்தி இந்த அளவில்தான் இருக்கும். 24 காரட்டுக்கு 19.3, பித்தளைக்கு எட்டரை. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் ஏறும், நல்ல காசும் போலியாகத் தெரியும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் குமிழி நிற்காது. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஒரு கிராம் காசுக்கு இதெல்லாம் பயன்படாது. அது இடப்பெயர்க்கும் நீர் வெறும் 0.05 கிராம்; தராசு ஒரு புள்ளி தவறினாலே விடை ஐந்தில் ஒரு பங்கு மாறிவிடும்.

திராவகத்துக்கு வருவோம். போலிக் காசின் தங்க முலாம் ஒரு மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும் என்றாலும், மெல்ல உரசினால் கல்லில் விழுவது அந்த முலாம்தான். 22 காரட் குப்பியும் ‘சரி’ என்றுதான் சொல்லும். அடியில் இருப்பதைப் பார்க்க ஓரத்தை அரத்தால் ராவ வேண்டும். நகைக்குப் பரவாயில்லை, காசை ராவினால் விலை போயிற்று. அதோடு இந்தத் திராவகங்கள் நாளாக ஆக வீரியம் இழக்கும். பழைய குப்பி கலப்படத்தையும் தேற்றிவிடும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்தால் ஒரு சொட்டு போதும், மார்பிள் மேடை அரித்துப்போகும். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொள்ளவும் முடியாது, விமானத்தில் அனுமதியில்லை.

லென்ஸ் நல்லது. காசின் பக்கவாட்டுப் பற்களையும் உருவத்தின் மேடான இடங்களையும் பாருங்கள். முலாம் முதலில் தேய்வது அங்கேதான், செம்பின் சிவப்போ நிக்கலின் சாம்பல் நிறமோ எட்டிப்பார்க்கும். காசிலோ அட்டையிலோ ‘கிளாட்’, ‘லேயர்டு’, ‘பிளேட்டட்’ என்று எந்தச் சொல் இருந்தாலும் அது முலாம்தான். பூஜையறைக்கென்று வாங்கும் லட்சுமி காசுகளில் இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் எக்ஸ்ரே சோதனை எந்திரம் வைத்திருக்கும் நகைக்கடைக்குப் போங்கள். காசுக்குக் கீறல் விழாது, ஒரு நிமிடத்தில் தங்கம், செம்பு, வெள்ளி எத்தனை சதவீதம் என்று திரையில் வந்துவிடும். முகப்பில் ஒரு முறை, ஓரத்தில் ஒரு முறை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் அந்தக் கதிரும் தங்கத்தில் பத்துச் சொச்சம் மைக்ரானுக்கு மேல் இறங்காது. 24 காரட் பெரிய காசுக்குள் டங்ஸ்டன் என்ற உலோகத்தை வைத்திருந்தால், அடர்த்தி 19.25 என்பதால் தண்ணீர்ச் சோதனையும் எந்திரமும் சேர்ந்தே ஏமாறும். ஒரு அவுன்ஸ் காசு என்றால் மின்கடத்துத்திறன் அளக்கும் கருவி உள்ள கடையாகத் தேடுங்கள். முத்திரையிட்ட அட்டையில் வந்த காசை மட்டும் பிரிக்காமல் கொண்டுபோங்கள். உறை கிழிந்தால் திரும்ப விற்கும்போது விலையைக் குறைப்பார்கள்.