கப்ஹெட்: படத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஜெயம்

கப்ஹெட் என்ற வீடியோ கேமை வாங்கி முதல் தீவைத் தாண்டாமலே மூட்டை கட்டியவர்கள் நிறையப் பேர். தலைக்குப் பதில் ஒரு பீங்கான் கோப்பை, அதில் சிவப்பு வரிபோட்ட உறிஞ்சுகுழல், வெள்ளைக் கையுறை, அரைக்கால் சட்டை. இப்படி ஒரு பையன் துள்ளிக்கொண்டு நின்றால் சின்னப் பிள்ளைகளுக்கான கேம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உள்ளே இருப்பதோ கான்ட்ரா என்ற பழைய சுடும் கேமின் நேர் வாரிசு. நம் ஊர் டிவி கேம் கேசட்டில் கான்ட்ரா ஆடியவர்களுக்கு ஓடு, சுடு, குனி, தாவு என்ற இலக்கணம் பழக்கமானதுதான். முப்பது உயிர் தரும் குறுக்குவழி மட்டும் இங்கே கிடையாது. மூன்று அடி வாங்கினால் ஆட்டம் முடிந்தது.

கனடாவைச் சேர்ந்த சாட், ஜாரெட் மோல்டன்ஹவர் சகோதரர்களின் ஸ்டுடியோ எம்டிஎச்ஆர் உருவாக்கிய கேம் இது. பணம் போதாமல் வீட்டை அடமானம் வைத்தெல்லாம் முடித்தார்கள். 2017 செப்டம்பர் 29இல் விண்டோஸுக்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வந்தது. 2019 ஏப்ரலில் ஸ்விட்ச், 2020 ஜூலையில் பிஎஸ் 4. டெஸ்லா காரின் திரைக்குக்கூடப் போனது. கதை ஒரு வரிதான்: கப்ஹெட்டும் தம்பி மக்மேனும் சாத்தானின் சூதாட்ட விடுதியில் தாயம் உருட்டித் தோற்கிறார்கள், தங்கள் ஆன்மாவை மீட்க, சாத்தானுக்குக் கடன்பட்ட மற்றவர்களிடம் போய் அடித்து வசூல் செய்ய வேண்டும். ஆக, நாம் ஆடுவது வசூல்காரர்களாகத்தான்.

படம் வரைந்த முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டமே அதில்தான் இருக்கிறது. 1930களில் நியூயார்க்கின் ஃப்ளைஷர் ஸ்டுடியோ போன்றவர்கள் செய்த கார்ட்டூன்களில் கைகாலுக்கு மூட்டே இருக்காது, ரப்பர் குழாய்போல வளையும். அதே பாணியை அதே முறையில் செய்திருக்கிறார்கள். பாத்திரங்களைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து, மையிட்டு, ஸ்கேன் செய்து, வண்ணத்தை மட்டும் கணினியில் பூசினார்கள். பின்னணிகள் நீர்வண்ண ஓவியங்கள். படங்கள் நொடிக்கு 24 என்ற கணக்கில் நகர்கின்றன; சுடுவதும் தாவுவதும் நொடிக்கு 60 என்ற கணக்கில் ஓடுகின்றன. அதனால் பார்க்கப் பழைய சினிமாபோல இருந்தாலும், பட்டனை அழுத்தினால் தாமதமின்றி வேலை செய்கிறது.

அந்தக் காலத்துக் கார்ட்டூனில் ஒருவன் குத்துவிடும் முன் கையைப் பின்னுக்கு இழுப்பான், குதிக்கும் முன் உடம்பைச் சுருக்குவான். சிரிப்புக்காகச் செய்த அந்த மிகைதான் இங்கே முன்னெச்சரிக்கை. முதல் தீவில் காக்னி கார்னேஷன் என்ற பூ இருக்கிறது. அது கழுத்தை நீட்டிப் பாய்வதற்கு முன் முகத்தைப் பின்னே இழுக்கும். மேல் பக்கமாக நீட்டினால் தரையில் நில்லுங்கள், தரையோடு நீட்டினால் மேடைக்கு ஏறுங்கள். கூப்பி லே கிராண்ட் என்ற நீலக் கூழ் உருண்டை தரையில் அழுந்திப் பிறகே எகிறும். இன்னோர் எதிரியான உருளைக்கிழங்கு மண்கட்டிகளை வரிசையாகத் துப்பி, கடைசியில் ஒரு புழுவைத் துப்பும், அது இளஞ்சிவப்பு. பாஸுக்கு, அதாவது இப்படி எதிரே நிற்கும் பெரிய எதிரிக்கு, எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் ஹெல்த் பட்டை எதுவும் கிடையாது. அவன் முகமும் நிற்கும் நிலையும் மாறுவதை வைத்துத்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணிக்க வேண்டும். செத்த பிறகு ஒரு கோட்டைக் காட்டி, முடிவுக்கு எத்தனை அருகில் விழுந்தோம் என்று சொல்வார்கள். அந்தக் கோடு மனிதனைத் தூங்கவிடாது. கோட்டின் நுனிக்குப் பக்கத்தில் விழுந்தவர் கேமை அணைத்துவிட்டுப் போவது அபூர்வம்.

இளஞ்சிவப்பாக எது வந்தாலும் பேரி செய்யலாம்: ஒருமுறை தாவி, காற்றில் இருக்கும்போது பொருளைத் தொடும் நேரத்தில் தாவும் பட்டனை மறுபடி அழுத்த வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு, இரண்டாவது அழுத்தத்தைச் சீக்கிரமே கொடுத்துவிடுவது. பொருள் மேலே வந்து முட்டும்வரை காத்திருந்து அழுத்துங்கள். பேரி செய்தால் கீழே இருக்கும் சீட்டு மீட்டர் சட்டென ஏறும். ஒரு சீட்டைச் செலவழித்தால் இஎக்ஸ் என்ற பலமான அடி, ஐந்தும் நிறைந்தால் சூப்பர் என்ற அதைவிடப் பெரிய அடி. பலர் ஐந்துக்காகச் சேர்த்துவைத்து, சேர்ப்பதற்குள் செத்துப்போகிறார்கள். ஆரம்பத்தில் சீட்டு கிடைக்கக் கிடைக்க இஎக்ஸாகச் செலவழிப்பதே லாபம்.

விளையாடத் தொடங்கும் முன் பட்டன்களை மாற்றுங்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இயல்பாகத் தாவுவது ஏ, சுடுவது எக்ஸ், டாஷ் (சட்டென முன்னே பாய்வது) ஒய். சுடும் பட்டனை விடாமல் அழுத்தியே இருக்க வேண்டிய கேம் இது. கட்டைவிரல் எக்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தால், தாவுவதற்கும் டாஷுக்கும் அதையே உருட்ட வேண்டும், அவசரத்தில் சறுக்கும். சுடுவதை வலது டிரிக்கருக்கு மாற்றினால் ஆள்காட்டி விரல் அதைப் பார்த்துக்கொள்ளும், கட்டைவிரல் விடுதலையாகிவிடும். இந்த ஒரு மாற்றம் பல பாஸ்களில் ஒரு ஹெல்த் (ஓர் அடி தாங்கும் உயிர்) கூடுதலாக இருப்பதற்குச் சமம். நின்ற இடத்திலிருந்து எட்டுத் திசையும் குறிபார்க்க உதவும் லாக் பட்டனையும் மறக்க வேண்டாம். நேர்க்கோட்டில் சுடும்போது ஸ்டிக் சற்றுச் சாய்ந்தால் குறுக்காகப் போகும். டி-பேட் (நான்கு திசைப் பட்டன்) கைக்குப் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். மலிவான விசைப்பலகையில் ஆடினால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு விசைகள் பதியாது. குறுக்காகச் சுட்டபடி தாவும்போது தாவலே நடக்காமல் போவதற்கு அதுதான் காரணம், உங்கள் விரல் அல்ல. டிவியில் ஆடுபவர்கள் டிவியின் கேம் மோடை இயக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேரி எல்லாம் ஒரு கணம் பிந்தும், கேமைத் திட்டிக்கொண்டிருப்போம்.

அடுத்து கடை. மூன்று தீவுகளிலும் சேர்த்துக் கிடைப்பது 40 நாணயங்கள். ஓடிச் சுடும் ஸ்டேஜ்கள் ஆறு, ஒவ்வொன்றிலும் 5. முதல் தீவில் அப்படி இரண்டு இருக்கின்றன, முதலில் அவற்றை முடித்து 10 நாணயத்தைக் கையில் எடுங்கள். துப்பாக்கி ஒன்றின் விலை 4. ஸ்ப்ரெட் கிட்டத்தில் மட்டுமே எட்டும், ஆனால் அடி பலம். சேசர் தானே தேடிப்போய் அடிக்கும், அடி மெலிது. இரண்டையும் வாங்கினால் முதல் தீவுக்குப் போதும்: பாஸ் நெருங்கி வரும்போது ஸ்ப்ரெட், தப்பிப்பதே வேலையாக இருக்கும்போது சேசர். ஒரே நேரத்தில் இரண்டு துப்பாக்கிகளைத்தான் எடுத்துப் போகலாம் என்பதால் இந்த ஜோடி பிற்பாடும் கைகொடுக்கும். சார்ஜ் துப்பாக்கி அழுத்திப் பிடித்து விடுவது. அடி கனமானது, கை பழகிய பிறகு வாங்குங்கள். ரவுண்டபவுட் பின்பக்கமாக வளைந்து திரும்புவதால் பாஸுக்கு முதுகைக் காட்டி ஓடும்போதும் அடிக்கலாம், பலர் மதிப்பதில்லை.

சார்ம், அதாவது துப்பாக்கியோடு கூடவே மாட்டிக்கொள்ளும் தாயத்து விஷயத்தில்தான் பணம் வீணாகிறது. 3 நாணயத்துக்கு இதயம் ஒன்று விற்கிறார்கள், ஒரு ஹெல்த் கூடும். கூடவே உங்கள் அடியின் பலம் 5 சதவீதம் குறையும். இரட்டை இதயம் 5 நாணயம், இரண்டு ஹெல்த், 10 சதவீதக் குறைவு. அதே 3 நாணயத்துக்கு ஸ்மோக் பாம் கிடைக்கிறது: டாஷ் செய்யும் நேரம் முழுக்க எதுவும் உங்கள்மேல் படாது, எதிரியின் உடம்புக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வரலாம். அடி வாங்கிய பிறகு தாங்குவதைவிட வாங்காமல் இருப்பது மேல். எங்கள் தேர்வு முதல் தீவிலிருந்து கடைசி வரை ஸ்மோக் பாம்தான். காபி சார்ம் சீட்டு மீட்டரைத் தானே நிரப்பும்; விமானத்தில் பறந்தபடி சுடும் ஸ்டேஜ்களில் அதை மாட்டிக்கொண்டு போங்கள்.

சிம்பிள் என்ற எளிய நிலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் பாஸை வென்றால் ஆன்மப் பத்திரம் கிடைக்காது. எல்லாப் பத்திரங்களும் இல்லாமல் கடைசி வாசல் திறக்காது, ரெகுலர் என்ற வழக்கமான நிலையில் மறுபடி முழுக்க அடிக்க வேண்டும். போதாக்குறைக்கு சிம்பிளில் சில பாஸ்களின் சில கட்டங்களையே வெட்டிவிட்டார்கள். கடைசிக் கட்டத்துக்கு அங்கே பயிற்சி கிடைக்காது என்றால் பிறகு எதற்கு அந்த நிலை? நேராக ரெகுலரில் தொடங்குவதுதான் நேரத்துக்கு நல்லது. ஒரு சண்டை ஜெயித்தால் இரண்டு நிமிடத்தைச் சுற்றி முடிந்துவிடும், தோற்றால் இன்னும் சீக்கிரம். மறுபடி தொடங்க ஒரு பட்டன். நல்ல மதிப்பெண் வேண்டுவோர் அடி வாங்காமல், மூன்று பேரி செய்து, ஆறு சீட்டு செலவழித்து, நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கூப்பி பெரிதாக மாறும்போது மூன்று இளஞ்சிவப்புக் கேள்விக்குறிகள் எழும். பேரி கணக்கை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம்.

குறைகள் இருக்கின்றன, சின்னவை அல்ல. படத்தைப் படித்தால் தப்பிக்கலாம் என்ற நியாயம் சில இடங்களில் கேமாலேயே உடைகிறது. ஓடிச் சுடும் ஸ்டேஜ்களில் அழகுக்காக முன்னால் வைத்த மரமும் புதரும் எதிரியை மறைத்துவிடுகின்றன. அங்கே அடி வாங்கினால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. நடுவில் சேமிக்கும் இடமும் கிடையாது, விழுந்தால் தொடக்கத்திலிருந்து. இரண்டாம் தீவின் கிரிம் மேட்ச்ஸ்டிக் என்ற டிராகன் சண்டையில் நகரும் மேகங்கள்மேல் நின்றாக வேண்டும். மேகம் எங்கே வரும், தீப்பொறிகளில் எது எகிறும் என்ற இரண்டும் சேரும்போது சில முறை தப்பிக்க வழியே இருப்பதில்லை. விமான ஸ்டேஜ்கள் இதைவிட மோசம், காரணம் வேறு: கடையில் வாங்கிய துப்பாக்கிகள் அங்கே செல்லாது. மூன்றாம் தீவில் டாக்டர் காலின் ரோபோவின் கடைசிக் கட்டம் திரை முழுக்கக் குண்டுகளாக நிறைக்கிறது. ஆன மட்டும் விமானத்தைச் சுருக்கும் பட்டனைப் பயன்படுத்துங்கள், உடம்பு சிறுத்து வேகம் கூடும். முதல் கட்டத்தில் தலை, மார்பு, வயிற்றுக் கதவு மூன்றையும் எந்த வரிசையில் உடைக்கிறோம் என்பதும் முக்கியம். ஒன்று உடைந்தால் அதன் இடத்தில் வேறொரு தாக்குதல் முளைக்கும். அவற்றில் எது உங்களுக்குத் தொல்லையோ அதைக் கடைசிக்கு வையுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஒரே சோபாவில் உட்கார்ந்து மட்டும். இணைய வழி ஆட்டம் கேமுக்குள் கிடையாது. 2017க்கே அது குறைதான். சேர்ந்து ஆடினால் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம், பாஸின் ஹெல்த் கூடிவிடுகிறது, திரையில் இருவர் சுடும் குண்டுகளும் சேர்ந்து கண்ணைக் குழப்புகின்றன. நண்பர் செத்தால் அவருடைய ஆவி மேலே மிதந்து போகும். போவதற்குள் தாவி அதைப் பேரி செய்தால் உயிர் வரும். காப்பாற்றப் போய் இருவருமே காலியாவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இசைக்குக் குறை சொல்ல வழியில்லை. கிறிஸ்டோபர் மேடிகன் எழுதிய பிக் பேண்ட் ஜாஸும் ராக்டைமும், கருவிக் கலைஞர்களை வைத்தே பதிவானவை. 1930களின் கார்ட்டூன்கள் கறுப்பினத்தவரைக் கேலிச்சித்திரமாக்கியவை என்பதால், அந்தப் பாணியை மட்டும் துடைத்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று விமர்சகர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான். கேமில் அந்தக் கேலிப் படங்கள் இல்லை.

2022 ஜூன் 30இல் வந்த கூடுதல் பகுதியைத் தனியே வாங்க வேண்டும். ஆறு பெரிய பாஸ்கள், சதுரங்கக் காய்களாக வரும் ஐந்து சிறு சண்டைகள். சதுரங்கச் சண்டைகளில் துப்பாக்கியே கிடையாது, பேரி மட்டும். ஆனால் அதை வாங்கச் சொல்வதற்கான காரணம் மிஸ் சாலிஸ் என்ற புதுப் பாத்திரம். அவளுக்கு ஒரு ஹெல்த் கூடுதல், இரட்டைத் தாவல் உண்டு, உருளும்போது அடிபடாது, இளஞ்சிவப்பை டாஷ் செய்தாலே பேரி. பழைய தீவுகளிலும் அவளை வைத்து ஆடலாம். விலை என்னவென்றால், அவளை வரவழைக்கும் குக்கியே சார்ம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், ஸ்மோக் பாம் போடமுடியாது. முதல் தீவிலேயே சிக்கி நிற்பவர்களுக்கு இதுதான் நேர்மையான எளிய வழி. சிம்பிள் நிலையைவிட நூறு மடங்கு மேல்.

கடைசிக்கு முந்தைய கிங் டைஸ் சண்டைக்கு ஒரு குறிப்பு. பலகையில் கட்டங்கள், பகடை 1, 2, 3 என்று மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் அதைப் பேரி செய்த கணத்தில் நிற்கும். நின்ற கட்டத்தின் குட்டி பாஸுடன் சண்டை. சில கட்டங்களில் இதயக் குறி இருக்கும், அங்கே நின்றால் ஒரு ஹெல்த் கூடும். கைக்கு எளிதான பாஸும் இதயமும் எங்கே என்று முதலில் பார்த்து, எண் மாறும் தாளத்தை எண்ணித் தாவுங்கள். முடிவுக்கு முன் இருக்கும் கட்டத்தில் மட்டும் கால் வைக்கக்கூடாது, அது உங்களைத் தொடக்கத்துக்கே அனுப்பிவிடும்.