தக்காளிக் கழிவும் சிப்பாய் ஈப் புழுவும்: மூன்று வருட அனுபவம்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லோடு ஏறியதும் ஒதுக்கித் தள்ளும் காயில் வாரம் நாலு மூட்டை எடுத்து வருகிறேன். உடைந்த தக்காளி, முட்டைக்கோஸ் மேல்இலை, சொத்தைக் கத்தரிக்காய். மூன்று வருடமாக அதைத் தின்று தீர்ப்பவை கருப்பு சிப்பாய் ஈயின் புழுக்கள், பண்ணைக்காரர்கள் பி.எஸ்.எஃப். என்பார்கள். அந்தப் புழுக்கள் என் நாட்டுக்கோழிகளுக்குப் போகின்றன.

வீட்டு ஈ வேறு, இது வேறு. பார்க்கக் குளவி போலிருக்கும், ஆனால் கொட்டாது. சோற்றில் வந்து மொய்க்காது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பிலேயே ஒரு வாரம் போல வாழ்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும்.

நான் முட்டை விலைக்கு வாங்கவில்லை. புளித்த தவிட்டின் மேல் அட்டைப்பெட்டித் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டேன். பத்தாம் நாள் அட்டை இடுக்கில் வெளிர்மஞ்சளாக முட்டைக் கொத்து. ஒரு ஈ 500 முட்டை வரை இடும். 4 நாளில் பொரியும்.

என்னைப் படாதபாடு படுத்தியது தண்ணீர்தான். தக்காளியில் பெரும்பகுதி தண்ணீர். முதல் மாதம் அப்படியே கொட்டினேன்; தொட்டி கூழாகி, பிண நாற்றம் அடித்து, ஒரே ராத்திரியில் புழுவெல்லாம் சுவரேறி வெளியே போய்விட்டன. இப்போது காயை நறுக்கி ஒரு நாள் சாக்கில் வடியவிட்டு, தவிடோ தென்னைநார்த் தூளோ கலந்து போடுகிறேன். கையில் பிழிந்தால் சொட்டுச் சொட்டாக வர வேண்டும், ஒழுகக் கூடாது. மூன்று விரற்கடைக்கு மேல் கனமாகவும் பரப்ப மாட்டேன். நாற்றம் போன இடம் தெரியவில்லை.

ஒருமுறை காலிஃபிளவர் இலை போட்ட மறுநாள் தொட்டி முழுக்கப் புழு செத்துக் கிடந்தது. மருந்து அடித்த இலையாக இருக்கும் என்பது என் சந்தேகம். அதற்குப் பிறகு புது மூட்டை வந்தால் முதலில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் புழு விட்டுப் பார்ப்பேன்.

இரண்டு மூன்று வாரத்தில் முற்றிய புழு கருத்து, காய்ந்த இடம் தேடிச் சாய்வுப் பலகையில் தானே ஏறி வாளியில் விழும். கோழிக்குத் தீவனத்தோடு கலந்துதான் கொடுக்கிறேன். கொழுப்பு அதிகம், அதை மட்டுமே கொடுத்தால் ஆகாது. கொஞ்சத்தைக் கூண்டில் ஈயாக விடுவேன். இணைசேர நல்ல வெயில் வேண்டும் என்பதால் மார்கழி மூட்டத்தில் முட்டை குறைந்துவிடும்.

மிஞ்சும் எருவை ஈரத்தோடு மிளகாய் நாற்றுக்குப் போட்டு ஒரு பாத்தியையே கருகவிட்டேன். இப்போது ஒரு மாதம் நிழலில் ஆறப்போட்ட பிறகே செடிக்கு.