நட்சத்திர மீன் வளர்ப்பு: உப்பு ஏறாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது

"ரொம்ப ஈசி, தொட்டியை அதுவே சுத்தம் பண்ணிக்கும்" என்று சொல்லித்தான் சிங்கப்பூரில் செராங்கூன் நார்த் பக்கம் நட்சத்திர மீனை விற்கிறார்கள். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் 100 லிட்டர் உப்புநீர்த் தொட்டியைப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். ஈசிதான், ஆனால் தண்ணீர் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

நட்சத்திர மீனின் உடம்புக்குள் ஓடுவது கிட்டத்தட்ட கடல்நீரேதான். அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களும் அந்த நீரின் அழுத்தத்தில்தான் நகர்கின்றன. வெளியே உப்பு கூடினாலும் குறைந்தாலும் மீன்களைப் போல உள்ளே சரிக்கட்டிக்கொள்ளத் தெரியாது. 2007 தொடக்கத்தில் மலேசியாவின் ஜொகூர் மழைவெள்ளம் கடலில் கலந்து உப்பு குறைந்தபோது, புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையில் கடலுயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போனது நினைவிருக்கலாம். பரந்த கடலிலேயே அந்தக் கதி.

நம் ஊர் வெக்கையில் நடப்பது இதற்கு நேர்மாறு. தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும், ஹாலோ மத்தியானம் 30-ஐத் தாண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் விலையைப் பார்த்துவிட்டுப் பலரும் ஃபேன் மாட்டுகிறார்கள். சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும், உப்பு அப்படியே தங்கிவிடும். 100 லிட்டரில் 3 லிட்டர் போனாலே ஆயிரத்துக்கு 35 என்ற உப்பளவு 36-ஐத் தொட்டுவிடும். அதனால் குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும், உப்புநீரால் அல்ல. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரமின் உண்டு, ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் போகாது. நான் ஆர்ஓ கருவியில் வடிகட்டிய தண்ணீர்தான் ஊற்றுகிறேன். புதிதாக வாங்கி வந்த நட்சத்திர மீனைச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீர் கலந்து இரண்டு மணி நேரமாவது பழக்கிய பிறகே உள்ளே விடுவேன். மீனுக்கு நோய் வந்தால் தாமிர மருந்தை அந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது, நட்சத்திர மீன் தாங்காது.

அப்புறம் சாப்பாடு. என்னிடம் இருப்பது சாக்லேட் சிப் என்று விற்கப்படும் கொம்பு முளைத்த வகை. இதே இனம் நம் சைரீன் பவளத்திட்டிலும் உண்டு. தேக்கா மார்க்கெட் இறாலில் சுண்டுவிரல் நுனி அளவு நறுக்கி அடியில் வைத்தால் போதும், மேலே ஏறி உட்கார்ந்து வயிற்றையே வெளியே தள்ளி இறாலைப் போர்த்திக்கொள்ளும். கண்ணாடி ஓரம் நடந்தால் அந்த மெல்லிய சவ்வு நன்றாகத் தெரியும். முதல்தடவை பார்த்த அம்மா, "டேய், இது வாந்தி எடுக்குதுடா!" என்றார். பவளம் வளர்ப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், அதையும் தின்னும்.

நீல லிங்கியா என்ற நட்சத்திர மீன் வகை கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் பாறைமேல் படிந்ததை மேய்ந்து வாழும் பிராணி, சின்னத் தொட்டியில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து மெலிந்து போகும். என்னைக் கேட்டால் வாங்கவே வேண்டாம். மணலைச் சலித்துத் தின்னும் வகைக்கும் இதே கதைதான், மணலில் இருக்கும் புழுப்பூச்சி தீர்ந்ததும் தீனி இல்லை. சின்னத் தொட்டிக்கு, நட்சத்திர மீனுக்கு உறவான பாம்புக்கை (பிரிட்டில் ஸ்டார்) வகை தேவலை, மீன் தின்ற மிச்சத்திலேயே ஓட்டிவிடும். பச்சை நிறத்தது மட்டும் வேண்டாம், ராத்திரியில் சின்ன மீனைப் பிடித்துத் தின்னும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது தண்ணீர் மட்டம் குறைந்தால் தானே நிரப்பும் கருவிதான் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து, வாளியில் ஆர்ஓ தண்ணீர் தீராமல் பார்த்துக்கொண்டால் போதும், இறால் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவேன்.