மலைச்சாலைப் பயணத்துக்கு எந்த வரைபடம்? ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்திலிருந்து 350 சிசி மோட்டார் சைக்கிளில் ஆறு ஆண்டுகளாக மலைச்சாலைகளைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். ஏற்காடும் கொல்லிமலையும் காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடும் தூரம் என்பதால், தொடக்கத்தில் வரைபடத்தின் தேவையே எனக்குத் தெரியவில்லை. ஜவ்வாது மலை, மேகமலை, வால்பாறை என்று தூரம் கூடியபோதுதான், கையில் இருக்கும் செயலிகள் எல்லாமே சீக்கிரம் போய்ச் சேரும் வழியைத் தருபவை என்பதும், நான் தேடுவது பார்த்துக்கொண்டே போகும் வழி என்பதும் புரிந்தது. இரண்டும் ஒரே சாலையாக அமைவது அபூர்வம்.

எல்லோரையும் போல நானும் கூகுள் மேப்ஸில்தான் தொடங்கினேன். இந்தியாவில் 2017 டிசம்பரில் இருசக்கர வாகனங்களுக்கென்று தனி வழிகாட்டும் வசதியை அது கொண்டுவந்தது. பெட்ரோல் பங்க், தங்குமிடம், நகருக்குள் நெரிசல் ஆகியவற்றுக்கு இன்றும் அதையே பார்க்கிறேன். மலையடிவாரம் தாண்டியதும் சிக்னல் போய்விடும் என்பதால், போகும் பகுதியின் வரைபடத்தை முந்தைய இரவே வீட்டில் பதிவிறக்கிக்கொள்வது கட்டாயம். ஆனால் வழியின் அழகைப் பற்றியோ, தார் எங்கே முடிகிறது என்பதைப் பற்றியோ அதைப் போன்ற பொதுச் செயலிகளிடம் பதிலை எதிர்பார்க்கக் கூடாது என்பதை ஜவ்வாது மலையில் கற்றுக்கொண்டேன்.

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்டோபர் மாதப் பிற்பகல். வழிகாட்டிச் செயலி ஒன்று 11 கிலோமீட்டர் மிச்சமாகும் என்று ஒரு கிளைப்பாதையைக் காட்டியது. முதல் இரண்டு கிலோமீட்டர் தார், அடுத்தது சரளை, அதற்கடுத்து உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடை. முந்தைய நாள் மழையில் செம்மண் குழம்பாகியிருந்ததால் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து வண்டியைப் பின்னாலிருந்து பிடித்துத் தள்ளினார். “தம்பி, மழை பேஞ்சா இந்தப் பக்கம் டிராக்டர்தான் போவும், திருப்பிக்கிட்டுப் போயிடுப்பா” என்றார். திரும்பித் தார்ச்சாலையைத் தொடுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

அன்று இரவு அதே பாதையை ஓஸ்ம்அண்ட் செயலியில் தேடிப் பார்த்தேன். அங்கே அது மண்பாதைக்குரிய விட்டுவிட்டு வரையப்பட்ட கோடாகத் தெளிவாக இருந்தது. இந்தச் செயலி, 2004-இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற தன்னார்வலர் வரைபடத்தின் தரவில் இயங்குகிறது. சாலையின் மேற்பரப்பு தாரா, சரளையா, மண்ணா என்பதைக் குறித்துவைக்க அந்தத் தரவில் இடமுண்டு. யாரேனும் குறித்திருந்தால், மொத்த வழியில் எவ்வளவு தூரம் எந்த மேற்பரப்பு என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடலாம். யாரும் குறிக்காத சாலைகளும் உண்டு, தமிழகத்தின் உள்மலைகளில் அவை கணிசம். அதனால் போய்வந்த பாதைகளின் மேற்பரப்பை நானே அதில் பதிவு செய்யத் தொடங்கினேன். அதே தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் இன்னும் எளிமையானது, வேகமானது, பேட்டரியையும் குறைவாகவே எடுக்கிறது. வண்டி ஓட்டும்போது அதுவும், வீட்டில் திட்டமிடும்போது ஓஸ்ம்அண்டும் என்று இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இவை அனைத்தையும்விட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது, 1767-இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடத் தாள்கள்தான். 1:50,000 அளவில் அமைந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களை, அத்துறையின் தளத்தில் பதிவு செய்துகொண்டு பிடிஎஃப் வடிவில் இலவசமாகப் பெறலாம்; 2017 முதல் இந்த வசதி இருக்கிறது. தேடி எடுப்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். தாள்கள் ஊர்ப்பெயரில் இல்லாமல் எண்களில் அடுக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொரு தாளும் கால் பாகை (டிகிரி) அளவுள்ள கட்டம். கொல்லிமலை 11 பாகை 15 கலை, அதாவது பதினொன்றேகால் பாகை அட்சக்கோட்டின் இருபுறமும் கிடப்பதால், மலையின் தெற்குப் பகுதி ஒரு தாளிலும் வடக்குப் பகுதி அடுத்த தாளிலுமாக வரும். இரண்டையும் அச்செடுத்து ஒட்டி மேசையில் விரித்தபோதுதான் அந்த மலையை முழுதாகப் பார்த்தேன்.

தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் அரை கிலோமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துப் பழுப்பு நிறத்தில் ஓடும் சமஉயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டர் இடைவெளியில் அமைந்தவை. அரை சென்டிமீட்டருக்குள் ஐந்து இடைவெளிகள் நெருங்கிக் கிடந்தால், 250 மீட்டர் தூரத்துக்குள் நிலம் 100 மீட்டர் எழுகிறது என்று பொருள். அவ்வளவு சரிவில் எந்தச் சாலையும் நேராக ஏற முடியாது. மடிந்து மடிந்துதான் ஏறியாக வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் அப்படி உண்டானவைதான். அதைவிட முக்கியமாக, சாலையின் ஒரு பக்கம் கோடுகள் நெருக்கமாகக் கீழிறங்கிப் போனால் அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு திறந்திருக்கும். இருபுறமும் கோடுகள் மேலேறினால் நாம் ஓடைப் பள்ளத்துக்குள் போகிறோம், நிழல் உண்டு, காட்சி இல்லை. சரிவு கிழக்கு நோக்கியிருந்தால் காலை வெயில் நேராக விழும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் எங்கே வண்டியை நிறுத்திக் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்ப்பது என்பதை இந்தக் கோடுகளை வைத்தே முன்கூட்டிக் குறித்துக்கொண்டு போனேன். குறித்த மூன்று இடங்களில் இரண்டு அப்படியே அமைந்தன. மூன்றாவதை மரங்கள் மறைத்திருந்தன.

ஆனால் இந்தத் தாள்களை நிலத்துக்காக நம்பலாம், சாலைக்காக நம்பக் கூடாது. நில அளவைக்குப் பின் வந்த சாலைகள் அவற்றில் இருக்காது. பழைய அச்சு வரைபடங்களிலும் இதே சிக்கல் உண்டு. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டன. சேலத்தைக் கடந்து போகும் பழைய 7-ஆம் எண் சாலை இன்று 44, கொச்சிக்குப் போகும் 47 இன்று 544. பழைய தாளை வைத்துக்கொண்டு புதிய பெயர்ப்பலகையைத் தேடினால் குழப்பமே மிஞ்சும்.

வளைவுகளை விரும்புவோருக்கென்றே உள்ள கர்விகர் என்ற ஜெர்மானியத் திட்டமிடும் கருவியையும் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். எவ்வளவு வளைவு வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் அதற்கேற்ற வழியை வரைந்து, வேறு செயலிகளிலும் திறக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் என்ற வழித்தடக் கோப்பாகத் தருகிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: கோப்பை ‘ரூட்’ வடிவில் எடுத்தால், கைபேசியில் உள்ள செயலி இடைப்புள்ளிகளை வைத்துத் தன் விருப்பப்படி வழியை மறுபடி கணக்கிடக்கூடும், ‘டிராக்’ வடிவில் எடுத்தால் நாம் வரைந்த கோடு அப்படியே இருக்கும். நான் எப்போதும் டிராக்கையே எடுக்கிறேன். கைப்பிடியில் மாட்டுவதற்குப் பழைய கைபேசி போதும். மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே அறிவித்திருக்கிறது.

எந்த வரைபடத்திலும் கிடைக்காத ஒன்று, அனுமதி. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குப் போகும் சாலையைச் சில பழைய வரைபடங்களில் இன்றும் காணலாம். அந்த வழி பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளோடு ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் வெளியூர் வாகனங்கள் ஏறலாம், இறங்க முடியாது. பந்திப்பூர் காட்டு வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். இப்படிப்பட்ட விதிகள் பருவத்துக்கும் யானை நடமாட்டத்துக்கும் ஏற்ப மாறக்கூடியவை என்பதால், மாவட்ட நிர்வாக அறிவிப்பைப் பார்ப்பதோடு, வழியில் கடைசிப் பெட்ரோல் பங்கிலும் டீக்கடையிலும் கேட்டுவிட்டே மேலே ஏறுகிறேன்.

கேட்டதையெல்லாம் டேங்க் பேக்கில் உள்ள நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கிறேன். வால்பாறைப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: ஆழியாரிலிருந்து 40 வளைவுகள், பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளவும், மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்குவதானால் சோதனைச் சாவடியில் நுழையும் நேரத்தைக் குறிக்கிறார்கள், நடுக்காட்டில் வண்டியை நிறுத்தக் கூடாது, இருசக்கர வாகனங்களை விடுகிறார்களா என்பதை முந்தைய நாளே விசாரிக்கவும். கீழே மூன்று தேதிகள் இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது நான்காவதை எழுத இடம் விட்டிருக்கிறேன்.