உயில் தகராறுக்கு நாங்கள் நாடிய வழக்கறிஞர் அலுவலகம்

அப்பாவின் உயில் வழக்கை எங்களுக்காக நடத்திய அலுவலகம் சிங்கப்பூரில் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் இருக்கிறது. பெயரை இங்கே போடவில்லை. எதிர்த்தரப்பில் நின்றவர் என் கூடப் பிறந்த அண்ணன்; அவர் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். வேண்டுவோர் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அம்மா, அப்பா இருவர் பெயரிலும் கூட்டு உரிமையில் இருந்ததால் அது நேராக அம்மாவுக்குப் போகும், உயிலுக்கு அதில் வேலையில்லை. மத்திய சேம நிதிப் பணமும் உயிலில் சேராது. அப்பா யாரை நியமித்தாரோ அவர்களுக்குத்தான். மிஞ்சியது வங்கிச் சேமிப்பும் கொஞ்சம் பங்குகளும். வழக்கறிஞர் இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அண்ணன் கேட்டுச் சண்டை போட்டதில் பெரும்பகுதி இந்த வழக்குக்குள்ளேயே வராது என்பது எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அப்பா எனக்குக் கொடுத்திருந்தார். உயில் செல்லும் என்று உறுதிசெய்யும் நீதிமன்றச் சான்று கைக்கு வந்ததும், கையெழுத்துப் போட்ட நேரத்தில் அப்பாவுக்குச் சித்தம் தெளிவாக இல்லை என்று சொல்லி, அதை ரத்து செய்ய அண்ணன் மனுப் போட்டார். "இனிமே அவர் கோர்ட் பக்கமே வராத மாதிரி ஒரு தடை வாங்கிடுங்க சார்" என்றாள் என் தங்கை. வழக்கறிஞர் ஒத்துக்கொள்ளவில்லை. "மகன் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது அவர் உரிமைம்மா. தோற்றுப்போகிற மனு வேறு, அடிப்படையே இல்லாத மனு வேறு. இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வோம்" என்றார். எங்களுக்கு ஆத்திரமாக இருந்த நேரத்தில் இப்படிச் சொல்ல ஒருவர் வேண்டும். காசுக்காக எதையும் தாக்கல் செய்கிறவராக இருந்திருந்தால் அன்றே செய்திருப்பார்.

மருத்துவர் குறிப்பு, உயிலில் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம், அம்மாவின் வாக்குமூலம் எல்லாம் நீதிமன்றத்துக்குப் போயின. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து, வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்கினார்கள். "நான் இப்படிச் சொல்லலையே" என்று அம்மா ஓரிடத்தில் நிறுத்தினார். அந்தப் பத்தியைத் திருத்தி மறுபடி வாசித்தார்கள். இதற்காக மட்டுமே நான் இந்த அலுவலகத்தைப் பரிந்துரைப்பேன்.

மனு தள்ளுபடியானது, செலவுத்தொகையையும் அண்ணன்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. அதற்குப் பிறகும் அதே புகார், வேறு தலைப்பில், அடுத்தடுத்து வந்தது. இப்போதுதான் வழக்கறிஞர் தடை கேட்டார். பக்கம் பக்கமாக எழுதவில்லை. பழைய மனுவின் பத்திகளையும் புதிய மனுக்களின் பத்திகளையும் எதிரெதிரே வைத்த ஓர் அட்டவணைதான் அவர் வாதம்.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் இதற்கு மூன்று படிகள் உண்டு என்று விளக்கினார். முதல் படி, அந்த ஒரு வழக்குக்குள் மட்டும் கட்டுப்படுத்துவது. சற்றும் அடிப்படையில்லாத மனுக்களை ஒருவர் இரண்டோ அதற்கு மேலோ போட்டிருந்தால் கேட்கலாம். விடாமல் தொடர்கிறவர்களுக்குத்தான் அதைவிட விரிந்த மற்ற இரண்டும். எங்களுக்கு முதல் படியே போதும் என்றார், கிடைத்ததும் அதுவே. கதவை அடியோடு சாத்திவிடும் ஆணை இல்லை இது. அண்ணனிடம் உண்மையிலேயே புதிதாக ஏதாவது இருந்தால், முதலில் நீதிமன்றத்தின் அனுமதி கேட்டுவிட்டு வரலாம். அம்மாவுக்கு அதைக் கேட்டுத்தான் மனம் ஆறியது. பெற்ற மகனாயிற்றே.

குறைகளும் உண்டு. தொலைபேசியில் அவரைப் பிடிப்பது கஷ்டம், மின்னஞ்சல்தான் வழி. சான்று வாங்கும் வேலைக்கு நிலையான கட்டணம். தகராறு என்று வந்துவிட்டால் மணிக்கணக்கு, அது கனமாகவே வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பே எழுத்தில் மதிப்பீடு தந்தார்கள், ஆனால் பில்லில் வரும் இதர செலவுகளை நாமாகக் கேட்டால்தான் விளக்குகிறார்கள். கேளுங்கள், முகம் சுளிப்பதில்லை.

போகிறவர்கள் மூல உயில், இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், சேம நிதி நியமனக் கடிதம் எல்லாவற்றையும் முதல் நாளே கொண்டுபோங்கள். வாட்ஸ்அப் சண்டைகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். எங்களிடம் தேதி வாரியாக அதையும் கேட்டார்கள்.