புஷ்ராட் நீளம்: மார்க்கர் கோடா, அச்சு கேஜா, பாதி லிஃப்டா, கணக்கா?

ஹெட்டை மில் செய்தோ (அடிப்பரப்பைச் சீவியோ), கேமை மாற்றியோ, நீள வால்வு போட்டோ எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது பழைய புஷ்ராட்டை (கேமின் மேல் உட்காரும் லிஃப்டரின் அசைவை, வால்வைத் திறக்கும் ராக்கர் கைக்குக் கொண்டுபோகும் கம்பி) அப்படியே இறக்கக் கூடாது. ஷெவர்லே ஸ்மால் பிளாக்கில் பிளாட் டாப்பெட்டுக்கு (ரோலர் இல்லாத தட்டை லிஃப்டர்) சுமார் 7.8 அங்குலம், தொழிற்சாலை ரோலர் லிஃப்டருக்குச் சுமார் 7.2 அங்குலம் என்பதெல்லாம் யாரும் கை வைக்காத எஞ்சினின் எண்கள். கை வைத்த எஞ்சினுக்கு நீளம் கண்டுபிடிக்க நாலு வழி புழக்கத்தில் உண்டு. என் ஓட்டு, நீட்டிக் குறைக்கும் செக்கர் புஷ்ராட்டும் ஒரு மார்க்கர் பேனாவும் சேர்ந்த வழிக்கு. (இனி தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று.)

கணக்குப் போடுவது உத்தேசத்துக்கு மட்டும். ஹெட்டில் 10 தௌ எடுத்தால் புஷ்ராட்டிலும் 10 தௌ குறையும். கேஸ்கட் 15 தௌ தடித்தால் 15 கூடும். ரீகிரைண்ட் (மறுபடி சாணை பிடித்த) கேமில் பேஸ் சர்க்கிள் (மேடு இல்லாத வட்டப் பகுதி) ஆரம் 20 தௌ குறைந்திருந்தால் லிஃப்டர் அவ்வளவு இறங்கி உட்காரும். ஆகவே 20 கூட்ட வேண்டும். வால்வு நுனியில்தான் இந்தக் கணக்கு காலை வாரும். நுனி 100 தௌ உயர்ந்தால், ஸ்டட் ராக்கரில் (ஹெட்டில் நிற்கும் ஸ்டட்டில் நட் போட்டு உயரம் மாற்றக்கூடியது) பிவட்டும் (ராக்கர் சாயும் மையம்) கூடவே ஏற வேண்டும் என்பதால் புஷ்ராட் 100 தௌ நீளும். பிவட் அசையாத பெடஸ்டல் ராக்கரிலோ வால்வுப் பக்கம் ஏறினால் புஷ்ராட் பக்கம் இறங்கும், 1.5 ரேஷியோவில் (வால்வுப் பக்க நகர்வு புஷ்ராட் பக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு) சுமார் 67 தௌ குறைக்க வேண்டியிருக்கும். ஒரே மாற்றம், எதிரெதிர் விடை. சீட் கிரைண்ட் செய்து வால்வு உள்ளே இறங்கினாலும் நுனி இப்படித்தான் உயரும். அதைத் தனியாக யாரும் அளந்து வைப்பதில்லை.

ஸ்டட்டில் மாட்டி வால்வு நுனியில் உட்கார வைக்கும் ராக்கர் வடிவ அச்சு கேஜ் வேகமானது. ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டாம். புஷ்ராட் முனை அச்சைத் தொடுகிறதா, இடைவெளி விடுகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் உங்கள் கேமின் லிஃப்ட் (வால்வு திறக்கும் மொத்த உயரம்) என்ன என்று அதற்குத் தெரியாது. என் பார்வையில் தேர்வைத் தீர்மானிப்பதே இதுதான்.

வால்வு மூடியிருக்கையில் ராக்கர் நுனி ரோலரின் மையம், ட்ரன்னியன் (பிவட்டில் ராக்கர் சுழலும் தண்டு) மையத்தைவிட மொத்த லிஃப்டில் பாதி அளவு மேலே நிற்க வேண்டும். அப்போதுதான் பாதி லிஃப்டில் இரண்டும் மட்டமாகி, முழு லிஃப்டில் அதே அளவு கீழே போகும். 450 தௌ லிஃப்டுக்கு அது 225. 600 தௌ லிஃப்டுக்கு 300. ட்ரன்னியன் உயரத்தில் 75 தௌ வித்தியாசம். ராக்கர் வால்வு நுனியை மையமாக வைத்துச் சாய்வதால், 1.5 ரேஷியோவில் இது புஷ்ராட் நீளத்தில் சுமார் 125 தௌ ஆகிவிடும். ஒரே உயரத்துக்கு வார்த்த அச்சு இந்த இரண்டு கேமுக்கும் ஒரே நீளத்தைத்தான் சொல்லும்.

பாதி லிஃப்டில் நிறுத்தி, ட்ரன்னியன் மையமும் ரோலர் மையமும் சேரும் கோடு வால்வு ஸ்டெம்முக்கு 90 டிகிரியா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பது தத்துவப்படி மிகச் சரி. சிக்கல் கோணத்தை அளப்பதில்தான். ட்ரன்னியன் மையம் ராக்கர் உடலுக்குள் ஒளிந்திருக்கும். ஒன்றரை அங்குலக் கையில் ஒரு டிகிரி பிசகினால் நுனியில் 26 தௌ போய்விடும். ஷாஃப்ட் ராக்கரில் ஸ்டாண்டுக்கு அடியில் ஷிம் வைத்து உயரம் சரிசெய்ய இதைத்தான் எடுப்பேன்.

மார்க்கர் வழிக்கு வருவோம். போடப்போகும் அதே தடிமன் கேஸ்கட்டை, ஏற்கெனவே அமுங்கியதாக இருந்தால் நல்லது, வைத்து ஹெட்டை டார்க் செய்யுங்கள் (குறித்த முறுக்கு விசையில் இறுக்குங்கள்). அந்த சிலிண்டரில் லேசான செக்கிங் ஸ்பிரிங் போடுங்கள். அசல் ஸ்பிரிங் ஹைட்ராலிக் லிஃப்டரின் பிளஞ்சரை (உள்ளே மேலும் கீழும் நகரும் சிறு பிஸ்டன்) அமுக்கி அளவைக் கெடுத்துவிடும். எக்ஸாஸ்ட் லிஃப்டர் எழும்பத் தொடங்கும் இடத்தில் இன்டேக்கையும், இன்டேக் கிட்டத்தட்ட மூடி முடியும் இடத்தில் எக்ஸாஸ்டையும் பிளே (தளர்வு) இல்லாமல் வையுங்கள். பிளே போய்விட்டதா என்பதை மேலும் கீழும் அசைத்துத்தான் பார்க்க வேண்டும். விரலால் சுழற்றிப் பார்த்தால் பிளஞ்சர் அமுங்கத் தொடங்கிய பிறகும் புஷ்ராட் சுற்றும். வால்வு நுனியைத் துடைத்து மை பூசி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, ராக்கரைக் கழற்றிக் கோட்டைப் பாருங்கள்.

மிகக் குறுகிய கோடு விழும் நீளமே சரியான நீளம். ஒன்றரை அங்குலக் கை, 500 தௌ லிஃப்ட் என்றால் சரியான நிலையில் ரோலர் பக்கவாட்டில் நகர்வது ஏறக்குறைய 21 தௌ. மூடியபோதே மட்டமாக நின்றால் 86 தௌ, அதாவது நாலு மடங்கு. கண்ணில் படும் கோடு இதைவிட அகலமாகத்தான் இருக்கும். எண்ணைத் துரத்தாமல் கோடு குறுகுகிறதா, விரிகிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் தவறு என்பதை ரோலரே சொல்லும். அது பாதி லிஃப்ட் வரை ஸ்டட்டை விட்டு வெளியே போய், பிறகு திரும்ப வேண்டும். கடைசிவரை வெளியே மட்டும் போனால் புஷ்ராட் குட்டை. தொடக்கத்திலிருந்தே உள்ளே வந்தால் நெட்டை.

இதற்கும் ஒரு குறை உண்டு. சரியான நீளத்துக்குப் பக்கத்தில் 50 தௌ மாற்றினால் ரோலர் நகர்வு 5 தௌதான் மாறும், கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் நீளப் பக்கமும் குட்டைப் பக்கமும் போய், ஒரே அகலத்தில் கோடு விழும் இரண்டு நீளங்களைப் பிடித்து நடுவை எடுங்கள். குறுகிய கோடு நுனியின் நட்ட நடுவில் விழவில்லை என்று நீளத்தை மாற்றி நடுவுக்கு இழுப்பது பலர் செய்யும் வேலை; அது ஜியாமெட்ரியைக் கெடுக்கும். கோடு விளிம்பைத் தொட்டால் ராக்கரையோ ஸ்டட் இருப்பிடத்தையோ சந்தேகியுங்கள்.

ஜிஎம்மின் எல்எஸ் எஞ்சினில் உள்ளதைப் போன்ற, போல்ட் இறுக்கியதும் உயரம் நிலைத்துவிடும் ராக்கரில் புஷ்ராட் தீர்மானிப்பது பிரீலோடை (பிளே போனபின் பிளஞ்சரை அமுக்கி வைக்கும் அளவு) மட்டுமே. மார்க்கருக்கு அங்கே வேலை குறைவு. செக்கர் அங்கேயும் உதவும். ராக்கரை டார்க் செய்து, பிளே மறையும்வரை செக்கரை நீட்டி, வரும் நீளத்தோடு லிஃப்டர் தயாரிப்பாளர் சொல்லும் பிரீலோடைக் கூட்டினால் முடிந்தது. ஸ்டட் ராக்கரில் பிரீலோடு நட்டில் வருகிறது. 3/8-24 நட் ஒரு சுற்றுக்கு 42 தௌ இறங்கும். புஷ்ராட் முனையில் அது 1.5 ரேஷியோவில் சுமார் 69 தௌ. அரைச் சுற்று என்றால் 20 தௌ என்று நினைப்பவர்கள் கிட்டத்தட்ட 35 தௌ அமுக்கியிருப்பார்கள்.

ஆர்டர் போடும்போது, விற்பவர் நீளத்தை எப்படி அளக்கிறார் என்று கேளுங்கள். முனையில் எண்ணெய்த் துளை இருப்பதால் உருண்டையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். துளையோடு அளந்த நீளமும், துளை இல்லாததாகக் கொண்டு சொல்லும் நீளமும் ஒன்றல்ல. 5/16 அங்குல முனைகள் இரண்டும் சேர்ந்து இந்த வித்தியாசம் 15 தௌவைத் தாண்டலாம். செக்கரை அளக்க 6 அங்குலக் காலிப்பர் எட்டாது, 8 அங்குலமாவது வேண்டும். முழு செட் வாங்குமுன் ஒரே ஒரு புஷ்ராட்டை வரவழைத்து, அதே காலிப்பரில் செக்கரோடு ஒப்பிட்டு, இன்டேக்கிலும் எக்ஸாஸ்டிலும் மறுபடி மை பூசிப் பாருங்கள். இரண்டின் லிஃப்டும் வேறாக இருந்தால் இரண்டு நீளம் வாங்க வேண்டி வரலாம்.