பாடியோடு மாட்டிய 200-500 லென்சுக்கு ஒரு பை

பறவைகளைப் படம் எடுக்க நிக்கான் 200-500 ஜூம் லென்ஸ் வாங்கிய முதல் நான்கு மாதமும் லென்ஸைத் தனியாக, டி500 பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) தனியாகத்தான் பையில் வைத்துச் சுமந்தேன். அப்போது இருந்த பையில் லென்ஸ் மட்டும்தான் போகும், பாடியை மாட்டினால் ஜிப் மூடாது. பள்ளிக்கரணையில் ஒரு நாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நாணலை உரசுகிற மாதிரி தாழப் பறந்து வந்து எனக்கு நேரே திரும்பியது. நான் லென்ஸின் பின்மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். சாலையோரப் புழுதியில் பாடியைத் திறந்துவைத்து மாட்டி முடித்து நிமிர்ந்தால் பருந்து எங்கேயோ போயிருந்தது.

அன்றைக்கு முடிவு செய்ததுதான், இனி பை வாங்கினால் லென்ஸ் பாடியிலேயே இருக்கிற மாதிரி வாங்க வேண்டும் என்று.

இந்த லென்ஸ் 267.5 மில்லிமீட்டர் நீளம், 108 மில்லிமீட்டர் விட்டம். பாடியையும் சேர்த்தால் 35 சென்டிமீட்டரை நெருங்கிவிடும். பைக்காரர்கள் லிட்டர் கணக்குச் சொல்வார்கள், அது நமக்கு உதவாது. 30 லிட்டர் பையாக இருந்தாலும் அகலமாகவும் குட்டையாகவும் தைத்திருந்தால் என்ன செய்வது? பார்க்க வேண்டியது உள்நீளமும் உள்ஆழமும்தான். வீடு கட்டும் இடத்தில் கிடக்குமே நாலு இன்ச் பிவிசி பைப், அதன் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இந்த லென்ஸேதான். அதில் 35 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மூன்று பைகளில் வைத்துப் பார்த்ததில் இரண்டு அங்கேயே கழிந்துவிட்டன. லென்ஸை வெளியே எடுத்துப் பயந்து பயந்து திணித்துப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

கடைசியில் எடுத்தது லோவப்ரோ ஃபிளிப்சைடு 400 ஏடபிள்யூ, பழைய மாடல், செகண்ட் ஹேண்டில். 300 எஃப்/2.8 லென்ஸைப் பாடியோடு வைக்கலாம் என்று அந்த நிறுவனம் சொல்லும் பை இது. நிக்கானின் 300 எஃப்/2.8 லென்ஸும் அதே 267.5 மில்லிமீட்டர்தான், விட்டத்தில் இன்னும் பெரியது. அது போகும் இடத்தில் நம்முடையது தாராளமாகப் போகும் என்ற தைரியத்தில்தான் வாங்கினேன், போகிறது. ஹூடை, அதாவது லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பைத் திருப்பி மாட்ட வேண்டும், ஜூமை 200-இல் பூட்டிவிட வேண்டும், லென்ஸைச் சுற்றியுள்ள டிரைபாட் காலரைத் தளர்த்தி அதிலுள்ள காலைப் பக்கவாட்டுக்குத் திருப்ப வேண்டும். கால் மேலே பார்த்தபடி இருந்தால் பையின் மூடியை முட்டும். லென்ஸின் குழாய்ப் பகுதிக்குக் கீழே பையின் தடுப்பு (டிவைடர்) ஒன்றை மடித்து வையுங்கள், இரண்டு கிலோவுக்கு மேல் உள்ள லென்ஸின் பாரம் மவுண்டில், அதாவது லென்ஸும் பாடியும் சேரும் இடத்தில் தொங்கக் கூடாது. வெளியே எடுக்கும்போதும் காலைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பாடியைப் பிடித்து அல்ல.

இந்தப் பை முதுகுப் பக்கம் திறக்கும். இடுப்பு பெல்ட்டைப் போட்டபடியே தோள்வாரைக் கழற்றி, பையை வயிற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டால் முன்னால் ஒரு மேசை விரித்த மாதிரி இருக்கும். வேடந்தாங்கல் கரையில் கூட்டத்துக்கு நடுவே பையை மண்ணில் வைக்காமல் கேமராவை எடுக்க முடிகிறது என்பதே எனக்குப் போதும். பஸ்ஸில் நிற்கும்போதும் ஜிப் முதுகோடு ஒட்டி இருப்பதால் நிம்மதி.

எல்லாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். சோனி 200-600 வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு: அது ஜூம் பண்ணினாலும் நீளாத லென்ஸ், எப்போதும் 318 மில்லிமீட்டர், பாடியோடு 40 சென்டிமீட்டர் பக்கம் வந்துவிடும். லோவப்ரோவின் லென்ஸ் டிரெக்கர் மாதிரி நீளமாக, ஒடுக்கமாகத் தைத்த பைகளைப் பாருங்கள்.

விமானத்தில் போகிறவர்கள் பையின் சொந்த எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். உள்நாட்டில் கைப்பைக்கு 7 கிலோதான் விடுகிறார்கள், இந்த லென்ஸும் டி500-உம் மட்டுமே 3 கிலோவைத் தாண்டிவிடும். உதிரி பேட்டரியையும் செக்-இன் பெட்டியில் போட முடியாது, கூடவேதான் வர வேண்டும்.

இன்னொன்று, வீட்டுக்கு வந்ததும் லென்ஸைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். சென்னை ஈரத்தை அந்த ஃபோம் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும், கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடும். நான் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன், பை ஜிப் திறந்தபடி ஜன்னல் ஓரம் காய்கிறது.